மொட்டைமாடித் தேர்வு

"ஃபெயிலாயிட்டா கல்யாணமே கிடையாதா?"

மாடிப்படியின் பாதியில் நின்று கிசுகிசுத்தான் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதுகூட ஆடாத கால்கள் இந்தப் பன்னிரண்டு படிகளில் ஆடின.

"சும்மா பயப்படாதே. அப்பாவுக்கு வானம்னா உசுரு. போன பிறந்தநாளுக்கு அம்மா டெலஸ்கோப்பே வாங்கிக் குடுத்திருக்காங்கன்னா பார்த்துக்கோ. அவரா எதையும் சொல்ல மாட்டாரு, கேள்வி கேட்டே நம்ம வாயிலேர்ந்து வரவழைச்சிடுவாரு. நீ படிச்சதை அப்படியே கொட்டிடு, போ!" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாள் அவள்.

அப்பாவின் உத்தியோகம் அப்படி. ஓட்டுநர் உரிமம் கேட்டு வருபவர்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று சோதிக்கும் அதிகாரி. கம்பத்தில் முட்டிவிட்டு இறங்குகிறவனிடம், "நல்லா ஓட்டினீங்க" என்று சிரித்தபடியே சிவப்பு மையில் ஒரு கோடு இழுப்பார் என்று ஊரில் பேச்சு.

மேலே, சூரியன் அப்போதுதான் இறங்கியிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே மூன்று காலில் நின்ற டெலஸ்கோப்பின் மேல் கை வைத்து, சொந்த வண்டிக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் நின்றிருந்தார் அதிகாரி.

"வாங்க தம்பி. பாருங்க."

மெக்கானிக் குனிந்து ஒற்றைக் கண்ணை வைத்தான். கும்மிருட்டு.

"அற்புதம் சார்!" என்று வாய் முந்திக்கொண்டது. நிமிர்ந்தவன் குழாயின் மறு நுனியைப் பார்த்தான். "சார்... முன்னாடி மூடி போட்டிருக்கு."

அதிகாரி அந்த மூடியை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "கவனிக்கிறீங்களான்னு பார்த்தேன்."

மெக்கானிக் உஷாரானான். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு வைத்துவிட்டு 'வண்டியை எடு' என்கிற ஆளாயிற்றே! முதல் கேள்வியிலேயே அற்புதம் என்று உளறி ஒரு மார்க் போய்விட்டது.

"சரி, வானத்துல புதுசா என்ன சேதி?"

இதற்காகத்தான் ஒரு மாதம் லிஃப்ட் குழிக்குள் டார்ச் வெளிச்சத்தில் உருப்போட்டிருந்தான். மடை திறந்தது.

"சனிக் கிரகத்துக்கு ஒரே அறிவிப்புல நூத்தி இருபத்தெட்டு நிலாவைச் சேர்த்துட்டாங்க சார். நான் படிச்ச அன்னிக்கு மொத்தம் இருநூத்தி எழுபத்தி நாலு. அதுக்கப்புறம் கூடியிருந்தா தெரியாது. அப்புறம் நம்ம சூரியக் குடும்பத்துக்கு வெளியேர்ந்து ஒரு வால் நட்சத்திரம் வந்துட்டுப் போச்சு. அப்படி வந்ததுல இது மூணாவது."

"ம். அப்புறம்?"

"திருவாதிரை நட்சத்திரம் இருக்குல்ல சார், அதுக்குப் பக்கத்துலயே ஒரு ஜோடி இருக்கும்னு ரொம்ப நாளா சந்தேகம். இப்பத்தான் லேசா கண்ணுல பட்டிருக்காம்."

அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க வீட்லயும் அப்படித்தான். ரொம்ப நாளா சந்தேகம், இப்பத்தான் கண்ணுல படுது."

மெக்கானிக்கின் காது சிவந்தது. பேச்சை மாற்றும் அவசரத்தில் மேற்கே கை நீட்டினான். "அதோ பளபளன்னு தெரியுதே சார், வியாழன்!"

சொன்ன மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொண்டான். அது வெள்ளி. வானத்தை வாழ்நாளில் ஒருமுறை அண்ணாந்து பார்த்தவனுக்குக்கூடத் தெரியும், அது வெள்ளி.

அதிகாரி அந்தப் பக்கம் பார்த்தார். மெல்ல ஒரு புன்னகை விரிந்தது.

"ரொம்பச் சரியா சொன்னீங்க."

தொலைந்தது! சிவப்பு மைக் கோடு குறுக்கே இழுபட்ட சத்தம் மெக்கானிக்கின் காதிலேயே கேட்டது. இனி லிஃப்ட் குழியில் போய் நிரந்தரமாகக் குடியிருக்க வேண்டியதுதான். அவளிடம் என்ன முகத்தோடு போய் நிற்பது?

"சார், நான் வந்து..." என்று அவன் இழுப்பதற்குள் கீழிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது.

"என்னங்க, வந்த தம்பிக்குச் சனியைக் காட்டிட்டீங்களா? இருங்க, நானும் வர்றேன். நீங்க காட்டிப் பார்த்து எவ்வளவு நாளாச்சு!"

அதிகாரியின் புன்னகை போன இடம் தெரியவில்லை. படிப்பக்கம் ஒரு பார்வை, வானத்தில் ஒரு பார்வை. சட்டென்று மெக்கானிக்கின் சட்டைக் கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்தார்.

"தம்பி, நான் ஒண்ணு கேப்பேன். உயிரே போனாலும் வெளியில சொல்லக் கூடாது. என் பொண்ணுகிட்டகூட."

"கேளுங்க சார்."

காலடிச் சத்தம் கடைசிப் படிக்கு வந்துவிட்டது. அதிகாரி அவன் காதோடு குனிந்தார். மூச்சு வாங்கியது.

"கல்யாணத்துக்கு முன்னாடி நான் விட்ட ஒரு புளுகை என் வீட்டுக்காரி முப்பது வருஷமா நம்பிட்டு இருக்கா. சீக்கிரம் சொல்லுங்க மாப்பிள்ளை, இதுல சனி எது?"