எடுக்காத சிரிப்பு

வாடகைக்கு வீடு பார்க்கப் போன நிரஞ்சனா, கூடத்துச் சுவரில் தன் படத்தையே பார்த்தாள். ஏழு வயது முகம், ரெட்டைப் பின்னல், விழுந்த முன்பல். சந்தன மாலை போட்டு, கீழே சிவப்பு பல்பு எரியவிட்டிருந்தார்கள்.

பேபி நிரஞ்சனாவாக அவள் நடித்த கடைசி சினிமாவுக்காக எடுத்த படம் அது. கதைப்படி குழந்தை செத்துப்போகும். செத்ததாக நடித்தவரைக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கவைத்து ஒரு ஷாட் எடுத்தால்தான் தோஷம் கழியும் என்பது அங்கே வழக்கம். அன்று ஃபிலிம் தீர்ந்துவிட்டது. "நாளைக்கு எடுத்துக்கலாம்மா" என்றார்கள். எடுக்கவில்லை. அதன்பின் அவளை யாரும் நடிக்கக் கூப்பிடவும் இல்லை. சாகும்வரை அம்மா அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

"யாருங்க இது?" என்று கேட்டாள் நிரஞ்சனா.

"எம் பொண்ணு" என்றாள் வீட்டுக்கார அம்மாள். "காய்ச்சல்ல போயிட்டா."

"இல்லம்மா, இது நான். சினிமாவுக்கு எடுத்த படம். உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

அந்த அம்மாள் படத்தைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தாள். பிறகு போய் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தாள்.

"வருவேன்னு தெரியும்டி. எங்கே, ஒரு தடவை சிரி, பாப்போம்."

நிரஞ்சனா சிரித்துவிடத்தான் பார்த்தாள். உதடு பிரியவில்லை.

அந்த அம்மாள் அவள் கன்னத்தைத் தொட்டாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏன்டி இப்படிச் சில்லுனு இருக்கே?"