பிஸ்கட் டப்பாவில் ஒரு கொய்ங்

ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் பேட்டரியும் ஸ்பீக்கரும் குடியிருந்தன. ஜெசிந்தா தன் கையாலேயே செய்த ஆம்ப்ளிஃபயர் அது. உள்ளே பாட்டை வாங்கித் தரும் புளூடூத் போர்டையும் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர் போர்டையும் பேட்டரியின் கறுப்பு ஒயர் ஏற்கெனவே சேர்த்துத்தான் வைத்திருந்தது. ஆனாலும் ஜெசிந்தா, ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டுமே என்று அவற்றுக்கு நடுவில் இன்னொரு கறுப்பு ஒயரைப் பற்றவைத்தாள்.

அன்றிலிருந்து எந்தப் பாட்டைப் போட்டாலும் கூடவே கொய்ங்.

"மானத்தை வாங்காதே, வாயை மூடு" என்று சீறியது பேட்டரி.

"புதுசா வந்த ஒயரால கரண்ட் வட்டம் போட்டுச் சுத்துதுண்ணே. அதைத்தான் நான் சொல்றேன்" என்றது ஸ்பீக்கர்.

"அது நம்ம ஒயருடா. வெளியே சொல்லலாமா?"

"அது இருக்கிறவரைக்கும் சொல்லுவேன்."

ஜெசிந்தா ஸ்பீக்கரின் முகத்தில் பஞ்சை அடைத்தாள். பஞ்சுக்குள்ளிருந்தும் அது கத்தியது. கழற்றி வீசிவிட்டுப் புது ஸ்பீக்கரை மாட்டினாள். வந்த நிமிஷமே அதுவும் கொய்ங் என்றது. மேஜையில் குப்புறக் கிடந்த பழைய ஸ்பீக்கருக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

அதன் பிறகுதான் ஜெசிந்தாவின் பார்வை ஒயர்கள் பக்கம் போனது. நடுவில் இருந்த கறுப்பு ஒயரை வெட்டி எடுத்தாள். பழைய ஸ்பீக்கரையே திரும்ப மாட்டினாள். பாட்டு மட்டும் சுத்தமாகக் கேட்டது.

"ஒருவழியா அடங்கிட்டியே" என்று பெருமூச்சு விட்டது பேட்டரி.

"யாரு, நானா?" என்றது ஸ்பீக்கர். "அந்த ஒயரைத் திரும்ப ஒட்டிப் பாருங்கண்ணே, தெரியும்."