பச்சைப் பெயின்ட்

“அது மாட்டுக்குச் சொன்னதுகா. இது தோணி.”

உதயரூபன் சிரித்தபடி சொன்னான். ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் புறப்பட்டு நின்ற மனைவி கஜானிக்குச் சிரிப்பு வரவில்லை. வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவனை உற்றுப் பார்த்தாள்.

“வழிதப்பின மாட்டைக் கண்டா, ஆள் தேடி வாற வரைக்கும் பார்த்து வைச்சிருந்து குடு எண்டுதான் வேதம் சொல்லுது. பெயின்ட் அடிச்சு வைச்சிரு எண்டு சொல்லல்ல.”

“வெள்ளத்தில தானா வந்து ஒதுங்கினது. நானா போய் அவிழ்த்த?”

“முன்பக்கத்தில ‘நஸீபா’ எண்டு பேர் கிடந்தது. அதைச் சுரண்டினது ஆர்? அதுவும் வெள்ளமா?”

அவன் கிழிந்த வலையை எடுத்துப் பொத்தத் தொடங்கினான். வயல் ஊரான வெல்லாவெளியில் இருந்து கல்யாணம் முடித்து, ஊரார் ஆறு என்றே சொல்லும் இந்த வாவியின் கரை வீட்டுக்கு வந்து ஒன்பது வருடம். இன்னமும் மச்சான்மாரின் தோணிகளில் கூலிக்குத்தான் போகிறான். “வயல்காரனை ஆத்தில இறக்கினா நாத்துத்தான் நடுவான்” என்று அவர்கள் கேலி செய்வார்கள். நாளை விடியச் சொந்தத் தோணியில் முதல் வலை போட இருந்தான். வீட்டுக்குப் பின்னால், கண்டல் மரங்களுக்குள், அது பச்சை நிறத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

“இண்டைக்கு வரச் சுணங்கும். சோறு மூடிக் கிடக்கு, போட்டுத் தின்னுங்க” என்று சொல்லிவிட்டுக் கஜானி போய்விட்டாள்.

பதினொரு மணிபோல முற்றத்தில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. தொப்பி போட்ட முதியவர் ஒருவர். பாலத்தால் சுற்றி மிதித்து வந்ததில் மூச்சு வாங்கியது.

“நான் ஆதம்லெவ்வை, மகன். அக்கரை, காத்தான்குடி. என்ட தோணி வெள்ளத்தோட போயிட்டு. இந்தப் பக்கம் வந்திச்சா?”

“இல்ல காக்கா” என்றான், முஸ்லிம் பெரியவர்களை அழைக்கும் மரியாதையோடு.

“நல்லா யோசிச்சுப் பாருங்க.”

“காணவே இல்ல.”

முதியவர் அவன் கைகளைப் பார்த்தார். வலை பொத்திக்கொண்டிருந்த விரல்களின் நகக்கண்ணில் பச்சை ஒட்டியிருந்தது. உதயரூபன் கைகளை வலைக்குள் இழுத்தான்.

“ஒளிக்காதீங்க மகன். நான் தோணியைக் கேட்டு வரல்ல. எடுத்தவர் வைச்சுக்கொள்ளட்டும். ஒரு விசயம் சொல்லத்தான் கரை கரையா அலையிறன்.” வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “அதிட அடிப்பலகை உக்கிப்போய்க் கிடக்கு. தோணி திருத்துற ஓடாவியிட்டக் கொண்டுபோற வரைக்கும் தாரை அப்பி வைச்சிருந்தன். மேலால பெயின்ட் அடிச்சா அதுவும் கண்ணுக்குத் தெரியாது. கரையோரமாப் போகலாம். நடு ஆத்தில தாங்காது. ஒரு உசிர் போயிரப்படாது, அதுதான்.”

உதயரூபனின் கையில் இருந்து வலை நழுவியது. நாளை விடிய நடு ஆற்றில் அவன்தான் நின்றிருப்பான்.

“காக்கா, என்னை மன்னிச்சிருங்க. பின்னாலதான் கட்டிக் கிடக்கு. வாங்க, காட்டுறன்.”

முதியவரின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். கண்டல் வேரில் அவிழ்த்த கயிறு மட்டும் கிடந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. கஜானி.

“ஏசாதீங்க என்ன, தோணியை நான் எடுத்திட்டன். நஸீபா எண்டு கேட்டா அக்கரைத் துறையில ஆளைக் காட்டுவாங்கதானே. பாதி ஆறு தாண்டிட்டன்.” சுமை இறங்கிய குரலில் அவள் சிரித்தாள். “ஆனா, தண்ணி இறைக்க ஒரு சிரட்டையாவது இதுக்குள்ள போட்டு வைக்கப்படாதா? கணுக்காலுக்கு மேல ஏறிட்டு.”