ஏழே நாள்

"ஆறு மாசமா? அதுக்குள்ள அடிபட்டவன் செத்தே போயிடுவான்!"

சட்டசபைக் குழுத் தலைவர் மேஜையில் போட்ட போட்டில் பக்கத்து உறுப்பினரின் தூக்கம் கலைந்தது.

விஷயம் இதுதான். விபத்தில் கை போனால் எவ்வளவு நஷ்டஈடு, கால் போனால் எவ்வளவு என்று நீதிபதிகளுக்கு வழிகாட்ட ஒரு பட்டியல் உண்டு. அதை மாற்றினால், புதுப் பட்டியல் ஆறு மாதம் சட்டசபையில் கிடந்த பிறகுதான் அமலுக்கு வரும். அந்த ஆறு மாதத்தை ஏழு நாளாக்க வேண்டும் என்று தலைவர் மசோதா கொண்டுவந்திருந்தார். புதுப் பட்டியலும் கையோடு தயார்.

குழுவில் பதினோரு பேர். பத்துப் பேர் தலையாட்டியாயிற்று. தலையாட்டப் பட்டியலைப் படிக்க வேண்டுமா என்ன?

பதினோராவது ஆள், ரிடையரான கணக்கு டீச்சர்.

"ஐயா, பட்டியல் நாற்பது பக்கம். நேத்து சாயங்காலம்தான் கைக்கு வந்துச்சு. படிக்க ஒரு வாரம் கொடுங்க."

"டீச்சரம்மா, இது பரீட்சை இல்லை!" என்றார் ஒருவர். கொல்லென்று சிரிப்பு.

தலைவர் சிரிக்கவில்லை. பார்வையாளர் வரிசையைக் காட்டினார். அங்கே ஊன்றுகோலோடு ஒரு எலக்ட்ரீஷியன். லாரி ஏறியதில் வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நாலு வருஷமாக வழக்கு. அடுத்த மாதம் தீர்ப்பு.

"இவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கம்மா, இன்னும் காத்திருன்னு!"

எலக்ட்ரீஷியனுக்குப் பொறுக்கவில்லை.

"நாலு வருஷமா ஏணி ஏறலைங்க. என் சம்சாரம்தான் உழைச்சுக் கொட்டுறா. உங்களுக்கென்னம்மா, மாசம் பொறந்தா பென்ஷன் வந்துடும்!"

டீச்சரின் முகம் சுண்டிப்போனது.

"தம்பி, உங்களுக்காகத்தான் படிச்சுப் பார்க்கணும்கறேன்."

"கல்நெஞ்சக்காரி!" என்றது ஒரு குரல். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னது.

ஓட்டெடுப்பு நடந்தது. பத்துக்கு ஒன்று.

எலக்ட்ரீஷியன் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்.

"ஐயா, நீங்க நல்லா இருக்கணும். உங்க குடும்பம் நல்லா இருக்கணும்."

"அட, அழாதப்பா. ஏழைக்குச் செய்யறதுதானே எங்க வேலை!" என்று அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டார் தலைவர். போட்டோகிராபர் கேட்டதால் இன்னொரு தடவையும் அணைத்துக்கொண்டார்.

பட்டியலை மார்போடு பிடித்தபடி டீச்சர் தனியாகப் படி இறங்கினார். வாசலில் நின்ற எலக்ட்ரீஷியன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் பக்கம் நியாயம் இல்லையென்று யார் சொல்ல முடியும்?

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் தலைவர் மருமகனுக்குப் போன் போட்டார்.

"மாப்பிள்ளை, இனிமே கவலையை விடுங்க. நாளைக்குச் சபையில பாஸாகுது, அடுத்த வாரம் அமல். நடந்துக்கிட்டிருக்கிற வழக்குக்கும் சேர்த்துத்தான். காலுக்கு இனிமே பழைய தொகையில பாதிகூடத் தேறாது."

மறுமுனையில் மருமகன் ஏதோ கேட்டார்.

"அவனா? சந்தேகமா? வேற பேர்ல ஓடுற நம்ம லாரியில அடிபட்ட அதே எலக்ட்ரீஷியன்தான்! நம்ம குடும்பம் நல்லா இருக்கணும்னு வாழ்த்திட்டுப் போறான், பாவம்!"