நாலு ஸ்பூன் சர்க்கரை

டாக்டர் கூப்பிடுவதற்குச் சற்று முன்னால், ப்ரேமிலா பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி, நாலு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக் கணவனிடம் நீட்டினாள்.

சதேந்திரா கப்பையே பார்த்தான். நாலு வருஷமாகச் சர்க்கரை அவன் வாயில் பட்டதில்லை.

"ஒண்ணும் ஆவாது. இன்னிக்கு ஒருநாள் குடிங்க."

குடித்தான். சொன்னதைச் செய்துவிடுவது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

அவனுடைய சர்க்கரை நோய், ஃபிஜியில் அவர்கள் ஊரான புலிலேகா முழுக்கப் பிரசித்தம். கரும்பு போட்டுப் பிழைக்கிற ஊரில் ஒரு துண்டு கரும்பு கடிக்க வழியில்லாதவன் என்று கேலி வேறு. கல்யாண வீட்டில் பாயச வாளி நிற்காமல் அவனைத் தாண்டிப் போய்விடும்.

ஐ.நா. அமைதிப் படையோடு லெபனான் போய், சோதனைச் சாவடியில் இரண்டு வருஷம் நின்றுவிட்டு வந்தவன் அவன். வந்த மாதமே கரும்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். மூன்று நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். அப்புறம் தலைநகர் சுவாவில் ஒரு ஆஸ்பத்திரியில் நாலு மாதம். ஜன்னலுக்கெல்லாம் கம்பி போட்ட ஆஸ்பத்திரி.

சர்க்கரை மயக்கமாம், தினம் இரண்டு மாத்திரை போட வேண்டுமாம் என்றாள் ப்ரேமிலா. அவன் மேற்கொண்டு கேட்கவில்லை.

சர்க்கரை வந்தால் கால் மரத்துப்போகும் என்றார்கள். அவனுக்கு எல்லாமே மரத்துப்போயிருந்தது. மகள் பிறந்தபோது ஒன்றும் தோன்றவில்லை. போன வருஷம் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அவன் போட்டிருந்த அதே உடுப்பில் ஆட்கள் துப்பாக்கியோடு தெருவில் நின்றபோதும் தோன்றவில்லை. நல்ல நோய்தான், எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தது.

ராணுவத்துக்குப் பயந்து இப்போது பாதி ஊர் நாட்டைவிட்டே கிளம்பிக்கொண்டிருந்தது. இந்த டாக்டர் கையெழுத்துப் போட்டால் இவர்கள் மூன்று பேரும் நியூசிலாந்தில் ஆக்லாந்து போகலாம். சர்க்கரை இருந்தாலும் விடுவார்கள், வேறு சில நோய் என்றால்தான் விடமாட்டார்கள் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். விண்ணப்பப் பாரத்தில் அந்த நாலு மாதத்துக்கு நேரே ப்ரேமிலா அதைத்தான் எழுதவைத்தாள். பட்டாளத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

உள்ளே செருப்பைக் கழற்றச் சொல்லி எடை பார்த்தார்கள். அவன் குதிகால் இரண்டையும் சேர்த்து விறைப்பாக நின்றதை டாக்டர் ஒரு நிமிஷம் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள்.

அரை மணியில் முடிவு வந்தது. சர்க்கரை நோயே இல்லை என்றார் டாக்டர். இத்தனை நாளும் என்ன மாத்திரை சாப்பிட்டான் என்று கேட்டார்.

ப்ரேமிலா அழ ஆரம்பித்தாள்.

சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, சதேந்திரா சட்டைப் பையிலிருந்த டப்பாவை எடுத்து நீட்டினான். அவள் கை தடுக்க வந்தது. அதற்குள் டப்பா டாக்டர் கைக்குப் போய்விட்டது.

அவர் ஒரு மாத்திரையைப் புரட்டிப் பார்த்தார். கையெழுத்துப் போட எடுத்த பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"இது மனசுக்குக் குடுக்குற மாத்திரை. பட்டாளத்துல எந்த நாட்டுக்குப் போயிருந்தீங்க?"

நாலு வருஷத்தில் யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை.

சதேந்திரா குனிந்து கீழே பார்த்தான். செருப்பை இன்னும் மாட்டியிருக்கவில்லை. சிமெண்ட் தரை சில்லென்று இருந்தது. அது அவன் காலுக்குத் தெரிந்தது.