மூன்றாவது அடுக்கு

“இதை எந்த முட்டாள்யா செஞ்சது?”

காத்திருக்கும் அறையின் மூலையில் நின்ற ஏவுகணை மாடலைப் பார்த்ததும் கடுகு எழுந்துவிட்டார். ஏவுகணை வடிவமைக்கும் இன்ஜினியர் அவர். எடுத்ததற்கெல்லாம் வெடிப்பதால் ஆபீஸில் வைத்த பெயர் கடுகு. அடுத்த வருடம் ரிட்டயர் ஆகிறார். தலைமைப் பதவிக்கான இந்த இன்டர்வியூவை விட்டால் வேறு வாய்ப்பே இல்லை.

ரகசியம் வெளியே போகக் கூடாதென்று வாசலிலேயே செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொண்ட எரிச்சல் ஏற்கெனவே இருந்தது. இப்போது இது வேறு.

மாடலுக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவன், “ஏன் சார், நல்லாத்தானே இருக்கு?” என்றான். உள்ளே தெரியும்படி மாடலின் ஒரு பக்கத்தை வெட்டி வைத்திருந்தார்கள். பானை மேல் பானை வைத்த மாதிரி மூன்று அடுக்கு எஞ்சின், அதற்கும் மேலே உச்சியில் குண்டுகள்.

அவன் சந்தேகம் வந்தவன்போல் எதிரே இருந்த பெண்ணையும் கேட்டான். கடுகுக்குக் கீழே வேலை பார்ப்பவள், இன்று அதே பதவிக்குப் போட்டியாக வந்திருப்பவள். “எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

கடுகுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. புது ஏவுகணையின் மேல்பாகத்தை அவரோடு உட்கார்ந்து வரைந்தவளே அவள்தான். தெரியாதாம்! பெற்ற பிள்ளையைப் பார்த்து யார் வீட்டுப் பிள்ளை என்பாளா? இந்த லட்சணத்தில் தலைமைப் பதவி ஒரு கேடு.

பிரஷ்ஷைப் பிடுங்கினார். “நீர்மூழ்கிக் கப்பல்ல ஏவுகணை நிக்கிற குழாய்க்கு உயரம் இவ்வளவுதான். நீ வச்சிருக்கிற மாதிரி வச்சா தலை வெளியே நீட்டிக்கிட்டு நிக்கும். மூணாவது அடுக்கு நடுவுல நிக்கணும், குண்டெல்லாம் அதைச் சுத்தி நிக்கணும். எங்க புதுசு அப்படித்தான் இருக்கு, போ.”

தரையில் விரித்திருந்த பேப்பரில் படமும் போட்டார். எத்தனை குண்டு என்று அவன் கேட்டான். அதையும் சொன்னார். அந்தப் பெண் கண்ணாலேயே ஏதோ சொல்லப் பார்த்தாள். அவர் முறைத்த முறைப்பில் தலையைக் குனிந்துகொண்டாள்.

பெயின்ட்காரன் ஈரம் காயாத படத்தை எடுத்துக்கொண்டு உள்கதவைத் திறந்தான். உள்ளே இருந்த அதிகாரிகள் எழுந்து நின்றார்கள். நடுவில் காலியாக இருந்த நாற்காலியில் பெயின்ட் கறையோடு போய் உட்கார்ந்தவர், அந்தப் பெண்ணை வரச் சொன்னார்.

“சீனியர் நான் இருக்கேன். முதல்ல என்னைத்தானே கூப்பிடணும்?” கடுகு மறுபடி வெடித்தார்.

“உங்க இன்டர்வியூ வெளியிலேயே முடிஞ்சிருச்சு சார்.”