குச்சி விழுந்த இடம்

வாயைப் பிளந்தபடி படுத்திருந்தவரிடம், ‘துரு’ இசைக்குழுவின் பாட்டுகளில் தனக்குப் பிடித்த ஐந்தை வரிசைப்படுத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள் பல் டாக்டர்.

சுவர் ஸ்பீக்கரிலும் அவர்களுடைய புரோக்ரசிவ் மெட்டல் என்கிற அதிரடி ராக் இசைதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டு ஆரம்பித்து முடிவதற்குள் டீ ஆறி, ஆடை கட்டி, இன்னொரு டீயும் போட்டுவிடலாம்.

பிடுங்க வேண்டியது ஞானப்பல். ஊசி போட்டாயிற்று, கன்னம் மரத்துப்போயிற்று. நோயாளியின் பயம் போக அவள் எதையாவது பேசிக்கொண்டே இருப்பாள். அவர்களால் எதிர்த்துப் பேச முடியாது என்பது அவளுக்கு இன்னும் வசதி.

ஐந்தாவது இடம் ‘இரும்புத் தொட்டில்’ என்றாள்.

அவருக்குப் பகீரென்றது. அதெல்லாம் ஒரு பாட்டா? பாத்திரக் கடைக்குள் பூனை புகுந்த மாதிரி இருக்கும்.

நாலாவது ‘தலைகீழ் மழை’யாம். மூன்றாவது ‘இறங்காத மாடி’யாம். கிடார்காரன் தன் வித்தையையெல்லாம் கொட்டிக் கவிழ்த்த பாட்டு அது. அவன் முடித்தால்தான் மற்றவர்கள் வீட்டுக்குப் போக முடியும்.

வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனுஷர் என்றுதான் வெளியில் அவருக்குப் பெயர். இப்போது வாயில் அவள் விரல் இருந்தது. அந்த நல்ல பெயர் மயிரிழையில் தப்பியது.

கால்கள் மட்டும் தம்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன. இடது, வலது, வலது, இடது. பயத்தில் நடுங்குகிறார் என்று நினைத்து, நர்ஸ் அவர் முட்டியை அழுத்திப் பிடித்தாள். டாக்டருக்கு வேறு காரணம் தோன்றியது. மனுஷர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். சொல்லிக்கொடுக்கிறவர் பக்கத்திலும் கிளட்சும் பிரேக்கும் இருக்குமே.

“சார், இந்த சேருக்கு பிரேக் எல்லாம் கிடையாது. காலைக் கொஞ்சம் எடுங்களேன்.”

இரண்டாவது இடம் ‘நிழலின் எடை’க்குப் போயிற்று. பாக்கி ஒன்றுதான். ‘கதவில்லாத வீடு’ இன்னும் வரவில்லை.

வராது. அவருக்குத் தெரியும். துருவின் கடைசிப் பாட்டு அது. அதைப் போல இன்னொன்றை அவர்கள் செய்ததில்லை. ஆனால் பாட்டின் முக்கால்வாசியில், டிரம்ஸ்காரன் கையிலிருந்து குச்சி நழுவி விழுந்துவிடும். டொக்கென்று தெளிவாகக் கேட்கும். மூன்று தட்டு அளவுக்குக் குழுவே வாயடைத்து நிற்கும்.

நல்ல பாட்டைக் கெடுத்துவிட்டான் பாவி என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்தே, அவர் அந்தப் பாட்டைப் பற்றி எவரிடமும் வாயைத் திறந்ததில்லை. இன்றைக்கு வாய் திறந்துதான் கிடந்தது. பேசத்தான் வழியில்லை.

குறடு உள்ளே இறங்கியது. மண்டைக்குள் ஏதோ நெரிபடும் சத்தம் கேட்டது.

முதல் இடம் ‘கதவில்லாத வீடு’ என்றாள், இழுத்தபடியே.

அதுவும் அந்தக் குச்சிக்காகவே. படிக்கிற காலத்தில் ஒரே பரீட்சையில் இரண்டு தரம் கோட்டை விட்டாளாம். படித்துக் கிழித்தது போதும், வீட்டுக்கே போய்விடலாம் என்று பெட்டியைக் கட்டிவிட்டு அந்தப் பாட்டைக் கேட்டாளாம். கையில் இருந்ததைக் கீழே போட்டவன், ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்தே மறுபடி தொடங்கினான். அவளும் பெட்டியைப் பிரித்துவிட்டாளாம். அது தவறி விழுந்ததே இல்லை, வேண்டுமென்றே போட்டது, அந்த ஆள் ஒரு ஞானி என்று அடித்துச் சொன்னாள்.

ஸ்டீல் கிண்ணத்தில் டங்கென்று பல் விழுந்தது.

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. வலியெல்லாம் இல்லை.

ஞானியாவது மண்ணாவது! அன்றைக்கு ஸ்டூடியோவில் சுள்ளென்று ஒரு வலி தாடையைப் பிடித்து இழுத்தது, குச்சி நழுவிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்கலாம் என்றால் வலித்ததே பல்தான். எப்படியோ மிச்சத்தை வாசித்து முடித்தார். இன்னொரு தரம் வாசிக்கக் கை எழவில்லை; அந்தப் பதிவே வெளியே போயிற்று. மற்ற மூவரும் முகம் கொடுத்துப் பேசாமல் வயர்களைச் சுருட்டினார்கள். அதற்குப் பிறகு அவர் கையில் பிடித்த குச்சியெல்லாம், ரிவர்ஸ் எடுக்கப் பழகுகிறவர்களுக்காக மைதானத்தில் நட்டுவைக்கும் குச்சிகள்தான்.

ஞானப்பல். இதே பல்.

அது நான்தான் என்று சொல்லப் பார்த்தார். மரத்த நாக்கில் ‘அழு ழாண்ழாங்’ என்று வந்தது.

“பேசாதீங்க சார், பஞ்சை நல்லாக் கடிச்சுக்கோங்க. பல்லு வீட்டுக்கு வேணுமா, போட்டுடட்டுமா?”

அவர் கிண்ணத்திலிருந்த பல்லைச் சுட்டிக்காட்டினார். பிறகு ஸ்பீக்கரைக் காட்டினார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

பாட்டுச் சத்தம் மனுஷருக்கு நெஞ்சை அடைக்கிறது போல என்று எண்ணி, டாக்டர் ஸ்பீக்கரை நிறுத்தினாள். அவர் கால்களும் நின்றன. நர்ஸ் கிண்ணத்தைக் குப்பைக்கூடையில் கவிழ்த்தாள்.

டொக்.

மூன்று தட்டு அளவுக்கு அறையில் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு அவருடைய கால்கள், விட்ட இடத்திலிருந்தே, மறுபடி தொடங்கின.